நூறு முடிச்சு

ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். கட்டிலின் இடது பக்கமாக இறங்குவேன். மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துணி கட்டிக்கொண்டு கீழே பட்டறைக்குப் போவேன். முந்தைய நாள் அடித்த பஞ்சு இரவு முழுவதும் அவசரமில்லாமல் இறங்கித் தரையில் படிந்திருக்கும். வெறும் துடைப்பம் போட்டால் எல்லாம் மறுபடி எழுந்துகொள்ளும். தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து நடுவுக்குப் பெருக்க வேண்டும். பிறகு பஞ்சடிக்கும் மெஷினின் பெல்ட்டில் சிக்கியதைக் கையால் பிடுங்க வேண்டும். பிறகு ஒரு சன்னலை மட்டும் திறக்க வேண்டும், காற்று வராத பக்கத்துச் சன்னலை.

அத்தை டீ கொண்டுவருவார். டம்ளர் மேல் ஒரு சிறு தட்டு மூடியிருக்கும். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. சோற்றுக்கு, தண்ணீருக்கு, கடிகாரத்துக்கு, என் புத்தகங்களுக்கு. டீயைக் குடிக்கும்போது மட்டும் மூக்குத்துணியைக் கழுத்துக்கு இறக்குவோம்.

ஆறரைக்கு மாமா என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொள்வார்.

“போங்க மாப்ள. இனிமே நான் பாத்துக்கறேன்.”

நான் மாடிக்குப் போய் மேசைமுன் உட்காருவேன். கீழே மெஷின் ஓடத் தொடங்கும். அதற்குக் கொஞ்ச நேரத்தில் மாமாவின் இருமலும் தொடங்கும். பரீட்சைக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது.

மாமா மெத்தை தைப்பவர். அத்தை உறை தைப்பவர். அவர்களுடைய ஒரே மகள் என் மனைவி. அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்கென்று வேறு வீடு இல்லை. கல்யாணமானதும் இங்கே வந்தேன். அவள் போன பிறகும் இங்கேயே இருந்தேன். போகும்படி யாரும் சொல்லவில்லை. மாறாக, மாடி அறையில் எனக்கொரு மேசை போட்டுக் கொடுத்து, பகல் ஒரு மணி வரை கீழே இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நான் முதுகலை நுழைவுத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். அது அவளுடைய கடைசி விருப்பம். சாகும்முன் கடைசியாக அவள் சொன்னது அதுதான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் அப்படிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றே நாள். காய்ச்சல் என்று போனோம். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் மாலை என்னிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தூங்கினாள். மாமா வந்தபோது தூக்கத்தில் இருந்தாள். கட்டிலில் உட்காரப் போனவரை, ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார வைத்தேன். விடிகிறவரை அதிலேயே இருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

காலையில் அத்தை வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “கடைசியா என்ன சொன்னா தம்பி? என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?” என்று கேட்டார். உலுக்கி உலுக்கிக் கேட்டார். அவள் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. அதை அந்த வராந்தாவில், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தோன்றியது. அவ்வளவு சின்ன விஷயம் அது. என் வாயில் வேறொன்று வந்தது.

“என்னை மறுபடி பரீட்சை எழுதச் சொன்னா.”

அத்தை என் கைகளை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். மாமா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். பதினாறு நாள் கழித்து மேசை வந்தது.

*

முதல் தடவை எனக்குக் கிடைத்தது முந்நூற்றுக்கு நூற்று நாற்பத்தெட்டு. இடம் கிடைக்கக் குறைந்தது இருநூறு வேண்டும். மதிப்பெண் தாளை அவள்தான் முதலில் பார்த்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் எந்தத் தாளானாலும் பிரித்து மேய்ந்துவிடுவாள்.

“சரியானதுக்கு மூணு. தப்பானதுக்கு ஒண்ணு போயிடும். அப்படித்தானே?”

“ஆமா.”

“அம்பத்தஞ்சு சரி. பதினேழு தப்பு. மீதி இருபத்தெட்டு?”

“எழுதல.”

“தெரியலையா?”

“பாதி தெரிஞ்சுது. தப்பாயிடுமோன்னு விட்டுட்டேன்.”

அவள் தாளை மடிக்கத் தொடங்கினாள். “தப்பான பதினேழுக்கு எனக்குக் கோவமில்ல. தொடாம விட்ட இருபத்தெட்டுதான் வயித்தெரிச்சல். முடிச்சு போடாத மெத்தை மாதிரி. பஞ்செல்லாம் ஒரு பக்கமா ஓடிடும்.”

அந்தத் தாளை எட்டாக மடித்து, எங்கள் மெத்தையின் ஓரத்தையலை ஒரு சாண் பிரித்து, உள்ளே திணித்து மறுபடி தைத்துவிட்டாள். “இதுமேல படுத்துத் தூங்குங்க. அது உள்ள கெடக்கட்டும், நாம வேலையப் பாக்கலாம்.”

வேலை இப்படி நடந்தது. இரண்டு பேர் படுக்கிற மெத்தைக்கு அகலத்தில் எட்டு, நீளத்தில் பன்னிரண்டு என்று தொண்ணூற்றாறு முடிச்சு. நான்கு மூலைக்கு நான்கு. மொத்தம் நூறு. நீள ஊசியை மேலே குத்திக் கீழே இழுத்து, கீழிருந்து மேலே வாங்கி, பஞ்சு அசையாதபடி இறுக்கி முடிய வேண்டும். என் பரீட்சையில் நூறு கேள்வி. இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கு அவளுக்கு ஒருநாள் உறை மாட்டும்போது தோன்றியது. அன்றிலிருந்து அவள் மெத்தை தைக்க உட்கார்ந்தால் நான் பக்கத்தில் வினாத்தாளோடு உட்கார வேண்டும். ஒரு முடிச்சுக்கு ஒரு கேள்வி. “ம்” என்பாள், முடிச்சு விழுந்ததும். நான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். தெரியாவிட்டாலும் எதையாவது குறிக்க வேண்டும். வெறுமையாக விடக் கூடாது.

சில கேள்விகளைப் படித்துக் காட்டச் சொல்வாள். ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று கறுப்புப் பந்து. கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு.

“எதுக்குக் கண்ண மூடணும்?”

“கேள்வி அப்படி.”

“பையத் தலகீழாக் கொட்டிப் பாத்தா முடிஞ்சுது. இதுக்குப் போய் ஒரு கணக்கு.”

பட்டறையில் வேலை செய்கிறவர் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருடமாகப் பஞ்சில் இருக்கிறார், முப்பது வருடமாகத் தும்முகிறார். பெயரே தும்மல். அவர் அன்றிலிருந்து என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான். “என்ன பெரிய படிப்பு, இன்னிக்கு எத்தன பந்து? செவப்பா, கறுப்பா?”

மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எழுபத்திரண்டு விநாடி என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் முள் நகர்கிறது. ஆனால் “ம்” வரவில்லை. ஒரு கேள்வியில் கண் வைத்தால் அதிலேயே இருந்துவிடுவேன். கீழிருந்து தரைப்பலகை இடுக்கு வழியாகப் பஞ்சு ஏறி வரும். ஒரு இழை. பிறகு இன்னொன்று. விழுவதா மிதப்பதா என்று முடிவு செய்யாமல் மேசைக்கு மேல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மெஷின் நின்று, சாப்பிட அத்தை கூப்பிடும்போது ஒரு மணி ஆகியிருக்கும். ஏழோ எட்டோ கேள்வி முடித்திருப்பேன்.

*

அந்த மழைக்காலத்தில் ஒரு கல்லூரி விடுதிக்கு நாற்பது மெத்தை ஒப்புக்கொண்டிருந்தார் மாமா. மழையில் பஞ்சு காயாது. காயாத பஞ்சை அடித்தால் கட்டி கட்டியாக விழும். ஆகவே அடுப்படிச் சுவரை ஒட்டிக் கயிறு கட்டி, சாக்கில் பரப்பி, சூட்டில் உலர்த்தினோம். வீடு முழுக்க ஈரப் பஞ்சு வாசம். நனைந்த நாயின் வாசம் மாதிரி, ஆனால் அவ்வளவு மோசமில்லை. சாப்பிடும்போது மழைச் சத்தமும் தும்மலின் தும்மலும்தான்.

அன்று உருளைக்கிழங்கை வேகவைத்து மிளகுத்தூள் போட்டிருந்தார் அத்தை. மாமா இரண்டு வாய் வைப்பார், இருமுவார், தண்ணீர் குடிப்பார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றார் தும்மல்.

“பஞ்சுப் பக்கமே போகக் கூடாதாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் போகலைங்க, அதுதான் என் பக்கம் வருதுன்னு சொன்னேன்.”

தும்மல் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. “எல்லாத்துக்கும் ஒரு நக்கல். நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு படம் எடுத்துக் காட்டினாங்களே, அதப் பாத்துமா? இந்த நாப்பத முடிக்கறதுக்குள்ள உங்கள முடிச்சிரும்.”

“வேற யாரு மெஷின்ல நிக்கறது? இவன் நின்னா தும்மித் தும்மிப் பஞ்செல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போயிரும்.”

“மாப்பிள்ளை நின்னா என்ன?”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் நிக்கறேன் மாமா,” என்றேன்.

“நீங்க சும்மா இருங்க.” அவர் அத்தையின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. “அவ என்ன சொல்லிட்டுப் போனா? அதுக்குள்ள மறந்துட்டியா?”

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே பாத்திரம் எதுவும் உருளவில்லை. சும்மா நின்றிருக்க வேண்டும்.

“கொடுத்து வச்ச ஆளு நீங்க,” என்றார் தும்மல் என்னிடம். “வீட்டோட மாப்பிள்ளைய வேலை வாங்காத ஒரே வீடு இதுதான்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் தட்டை நகர்த்தி வைத்தேன். நான் உண்மையைச் சொன்னால் மாமா மெஷினை விட்டு இறங்குவார். சொன்னால் மகளின் கடைசிச் சொல் அவர்களுக்கு இல்லாமல் போகும். தினமும் இதைப் போட்டுப் பார்த்தேன். அந்த வினாத்தாளில் நான் தொடாமல் விட்டவை மாதிரிதான் இதுவும். பாதி தெரியும். தப்பாகிவிடுமோ என்று விட்டுவிடுவேன்.

*

மாமாவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் மெத்தையில் சும்மா உட்காரமாட்டார். முதலில் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். பிறகு ஒரு முடிச்சை இழுத்துப் பார்ப்பார். முகம் கோணும். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டில் படுக்கச் சொன்னார்கள். காலையில் எழுந்து பார்த்தால் மெத்தையைப் பிரித்துப் பஞ்சைத் தரையில் கொட்டி, கையாலேயே உதிர்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டில் அதன்பிறகு எங்களுக்குப் பாய்தான். என் மனைவி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அவளுக்கும் அந்தக் கட்டைவிரல் பழக்கம் உண்டு.

இரண்டாவது, பழைய மெத்தை. பிரித்து அடித்துப் புதிதாகத் தைக்க ஊரில் எல்லோரும் கொண்டுவருவார்கள். பிரித்தால் உள்ளே ஏதாவது இருக்கும். மோதிரம், கடிதம், மாத்திரை, பல், பட்டன். என்ன கிடைத்தாலும் ஒரு துணித்துண்டில் முடிந்து வைப்பார். மெத்தை எடுக்க வரும்போது அதைக் கையில் கொடுத்து, “உள்ள இருந்ததெல்லாம் இதுல இருக்கு. பாத்துக்கோங்க” என்பார். அவர்கள் பிரித்துப் பார்த்து “சரியா இருக்கு” என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. சொல்லாமல் மெத்தை வெளியே போகாது. செத்த கரப்பான்பூச்சியை முடிந்து கொடுத்து “சரியா இருக்கு” சொல்ல வைத்திருக்கிறார். மூன்று வருடப் படிப்புக்கு விடுதியில் போட ஒரு மெத்தை வாங்கத்தான் நான் முதலில் அந்தப் பட்டறைக்கு வந்தேன். “மூணு வருஷந்தானா? அப்ப மெல்லிசாப் போதும்” என்றார் அவர். பின்னால் நின்று நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

*

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அனுமதிச் சீட்டு எடுக்க வெளியே போனேன். கடைவீதியில் கூட்டம். அச்செடுத்து, போட்டோ ஒட்டி, மழைக்கு ஒதுங்கி, திரும்பி வரப் பதினொன்று ஆகிவிட்டது. தெருமுனையில் வரும்போதே மெஷின் சத்தம் கேட்டது. சத்தத்தில் ஒரு வித்தியாசம். ஈரப் பஞ்சுக்கு அது முனகும். இது முனகவில்லை. நன்றாகக் காய்ந்த, பழகிய பஞ்சுக்கு வரும் சத்தம்.

வாசல் தாழ்வாரத்தில் எங்கள் மெத்தையின் உறை கயிற்றில் தொங்கியது. துவைத்திருந்தார்கள். அதில் இரண்டு மங்கல் இருக்கும், இரண்டு ஆள் படுத்த இடம். துவைத்ததில் அது தெரியவில்லை.

உள்ளே போனேன். பட்டறை வெள்ளையாக இருந்தது. மெஷினின் வாயிலிருந்து பஞ்சு பறந்து கூரை வரை ஏறி, அங்கிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. ஒன்றும் விழுவதாகத் தெரியவில்லை. எல்லாம் நின்றுகொண்டிருப்பது போலவும், நான்தான் மெல்ல மேலே போவது போலவும் இருந்தது. மாமாவின் கையும் தும்மலின் தலையும் வெள்ளைக்குள் வந்து வந்து மறைந்தன. ஏழு மாதமாக நான் இடது பக்கமாக இறங்கியது அந்தப் பஞ்சிலிருந்து. வலது பக்கத்துப் பள்ளத்தைத் தொடாமல் படுத்திருந்தேன். எந்தப் பக்கத்துப் பஞ்சு எது என்று இனி பிரிக்க முடியாது. என் புருவத்தில் ஒரு இழை வந்து உட்கார்ந்தது. நான் தட்டவில்லை.

அத்தை வந்து என் மூக்குத்துணியை ஏற்றிக் கட்டினார். ஒரு குழந்தைக்குச் செய்வது போல.

“கோவமா தம்பி?”

“இல்ல அத்தை.”

“மெத்தை ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு. நீங்க இடுப்பப் பிடிச்சுக்கிட்டு எறங்கறது எனக்குத் தெரியாதா? முதுகு வலிச்சா எப்படி உக்காந்து எழுதுவீங்க? கேட்டா வேணாம்பீங்க. அதான் நீங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் பிரிச்சிட்டோம்.”

“பரவால்ல அத்தை.”

“போய் கேள்வித்தாள எடுத்துட்டு வாங்க,” என்றார். “நான் தைக்கறேன். நீங்க எழுதுங்க. அவ செஞ்ச மாதிரி.”

மதியத்துக்கு மேல் அடுப்படிச் சூட்டில் உறை காய்ந்தது. பஞ்சை அடைத்து, கம்பால் தட்டிச் சமன் செய்து, வாயைத் தைத்தார்கள். அத்தை நீள ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டு மெத்தையின் மேல் மண்டியிட்டார். நான் சுவரோரம் பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே மழை நின்று, ஓடுகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“ம்,” என்றார்.

நான் முதல் கேள்வியைக் குறித்தேன்.

“ம்.”

இரண்டாவது. எனக்குக் கண்ணைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஊசி துணிக்குள் போகும் சத்தம். நூல் நீளமாக வரும் சத்தம். இறுக்கும்போது மூச்சு. எல்லாம் இருந்தது. இருபதாவது கேள்வி பந்துக் கேள்வி. போட்டேன். முப்பத்தாறாவது தெரியவில்லை. ஆனாலும் ஒன்றைக் குறித்தேன். எங்கோ மாமா இருமினார். மெஷின் நின்றிருந்தது. எனக்கு அந்த நேரம் பட்டறை ஒரு பெரிய வெள்ளைப் பெட்டியாகவும், அதன் அடியில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாகவும் தோன்றியது. இரண்டு பேர் யார் யார் என்பது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.

அறுபதைத் தாண்டியதும் அத்தை கை ஓயாமல் பேசினார். “அவ ஒரு இரட்டை மெத்தைய ஒன்றரை மணி நேரத்துல முடிப்பா. தெரியுமா?”

“ரெண்டு மணி நேரம் ஆகுமே.”

“நீங்க பக்கத்துல இருந்தா ரெண்டு மணி நேரம். ம். அடுத்தது போடுங்க. ‘ஏன்டி இப்படி ஆமையா தைக்கறே’ன்னு கேட்டேன். ‘அவருக்கு யோசிக்க நேரம் வேணாமாம்மா’ன்னா. கடைசில உங்களுக்கு நாலு கேள்வி பாக்கி இருந்துச்சுன்னா, நூல் அறுந்துபோச்சுன்னு சொல்லிட்டு மறுபடி கோர்ப்பா. நல்ல நூல், லேசுல அறுந்துபோகாது. ம்.”

நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

நூறாவது முடிச்சு வலது பக்க மூலையில் விழுந்தது. நூறாவது கேள்வியும் முடிந்திருந்தது. ஒன்றும் வெறுமையாக இல்லை. தும்மல் வந்து விடைகளைச் சரிபார்க்கிறவர் மாதிரி தாளை வாங்கிப் புரட்டினார். அவருக்கு எண்கள் மட்டும்தான் படிக்கத் தெரியும். “எல்லாத்துலயும் புள்ளி வச்சிருக்காரு அண்ணே. பாஸுதான்,” என்று மாமாவிடம் கத்தினார்.

மாமா வந்தார். கையில் ஒரு துணி முடிச்சு. மற்ற எல்லாரிடமும் நிற்கிற மாதிரியே என் முன்னால் நின்றார்.

“உள்ள இருந்ததெல்லாம் இதுல இருக்கு. பாத்துக்கோங்க மாப்ள.”

பிரித்தேன். ஒரு கொண்டை ஊசி. ஒரு சட்டைப் பட்டன், என்னுடையது. எட்டாக மடித்த தாள்.

“அது என்ன தாளு? ஓரத்துல தனியாத் தச்சு வச்ச மாதிரி இருந்துச்சு.”

“என் மார்க்கு மாமா. போன வருஷத்து மார்க்கு. அவதான் உள்ள வச்சுத் தச்சா. இதுமேல படுத்துத் தூங்குங்கன்னு சொன்னா.”

மாமா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஏழு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தோள் குலுங்கச் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தும்மல் அவர் முதுகைத் தடவினார். இருமல் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தோம். குடிக்க முடியவில்லை. உதட்டோரத்தைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை எங்களுக்குத் தெரியாமல் மடித்தார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“சரி,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. “சரியா இருக்கா?”

நான் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. அந்த வீட்டில் ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை. அவர் காத்திருந்தார். அத்தை ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“இல்ல மாமா.”

“என்ன கொறையுது?”

“என்கிட்ட ஒண்ணு இருக்கு. உங்களுக்குச் சேர வேண்டியது. குடுக்காம வச்சிருக்கேன்.”

அவருக்குப் புரியவில்லை.

“அவ பரீட்சையப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரில. அது நானாச் சொன்னது.”

ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது. தும்மலுக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார்.

“ஏன்?” என்றார் அத்தை.

“நீங்க கேட்டீங்க. அவ சொன்னது ரொம்பச் சின்ன விஷயம் அத்தை. அதச் சொன்னா உங்களுக்குப் பத்தாதுன்னு நெனச்சேன்.”

“பத்துமா பத்தாதான்னு சொல்ல நீங்க யாரு?”

அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. மெத்தையிலிருந்து இறங்கவும் இல்லை. மண்டியிட்டபடியே பேசினார்.

“ஏழு மாசம் தம்பி. தெனம் கண்ணு முழிச்சதும் எனக்கு அதான் வரும். சாகும்போதும் புருஷன் படிப்பத்தான் நெனச்சாளே, அம்மான்னு ஒரு வார்த்தை வரலையே, அப்பா எங்கேன்னு கேக்கலையேன்னு. செத்த பொண்ணு மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்ல முடியுமா இத? உங்களப் பாத்து டீ குடுத்துக்கிட்டே அவமேல கோவப்பட்டேன்.”

நான் பிரித்த துணியை மறுபடி முடிந்தேன்.

மாமா மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கட்டைவிரல் ஓரத்தை அழுத்தியது. ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தது. முகம் கோணவில்லை. அத்தையின் முடிச்சு.

“அவள விடுங்க,” என்றார் கடைசியில். “எங்களையும் விடுங்க. உங்களுக்கு எழுதணும்னு இருக்கா?”

யாரும் என்னிடம் அதுவரை கேட்காத கேள்வி. நானும் கேட்டுக்கொண்டதில்லை. பாதிதான் தெரிந்தது.

“இருக்கு மாமா. அந்த இருபத்தெட்டத் தொட்டுப் பாக்கணும்.”

“அப்ப எழுதுங்க. உங்களுக்காக எழுதுங்க.”

“ஆனா நாளையிலருந்து காலையில மெஷின்ல நான் நிப்பேன். மதியத்துக்கு மேல படிக்கறேன். நீங்க மாடிக்குப் போயிருங்க.”

“மாடிக்குப் போய் நான் என்ன பந்தா எண்ணுவேன்?”

“எண்ணுங்க அண்ணே,” என்றார் தும்மல். “எட்டுத்தான் இருக்கு. அஞ்சு செவப்பு, மூணு கறுப்பு.” அடக்கி வைத்திருந்த தும்மல் அப்போது வந்தது. அடுத்தடுத்து நான்கு.

அத்தை மெத்தையிலிருந்து இறங்கினார். முழங்காலில் ஒட்டிய நூலைத் தட்டினார். மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருவரும் எங்கள் மெத்தையில், கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் போல இருந்தார்கள்.

“இப்பச் சொல்லுங்க,” என்றார் அத்தை. “அவ என்ன சொன்னா? உள்ளது உள்ளபடி சொல்லுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”

நான் சொன்னேன். மாலை ஐந்து மணி இருக்கும். சன்னல் பக்கத்துக் கட்டில். ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கை போர்வைக்கு வெளியே கட்டிலின் ஓரத்தை ரொம்ப நேரமாக அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. வலியில் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காது கொடுக்கச் சொல்லி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னாள்:

“யாருங்க இந்த மெத்தையத் தச்சது? ஒரு முடிச்சும் பிடிக்கல. அப்பா வந்தா ஸ்டூல்லயே உக்காரச் சொல்லுங்க. இதத் தொட்டுட்டாருன்னா, என்னக் கீழ எறக்கிட்டுப் பிரிச்சுக் கொட்டிருவாரு.”